சென்னையில் மைனஸ் நாற்பது

கார் டேஷ்போர்டில் வெளி வெப்பநிலையைக் காட்டுற அந்தச் சின்ன எண்ணை யாரும் பெரிசா மதிக்கிறதில்லை. ஸ்பீடோமீட்டர் வேலை செய்யலைன்னா பதறுவோம். பெட்ரோல் முள் படுத்துட்டா பதறுவோம். வெளியில 34 டிகிரின்னு சொல்ற எண் தப்பாப் போனா மட்டும், "போனாப் போகுது, கண்ணாடியை இறக்கினாத் தெரியாதா எவ்ளோ வெயில்னு" அப்டின்னு விட்டுடுவோம்.

விடக்கூடாதுங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. அந்த எண்ணை எல்லாரும் சேர்ந்து விட்டதால, நங்கநல்லூரில் இருக்கிற என் பெரியப்பாவுக்கு 42,000 ரூபாய் செலவு வர இருந்தது.

பெரியப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பெரியம்மாவுக்கு வாரத்தில் மூணு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலையில் போனா மத்தியானம் ஒரு மணி, ரெண்டு மணிக்குத்தான் திரும்புவாங்க. நாலு மணி நேரம் மெஷின்ல கிடந்து துவண்டு போய் வர்றவங்களை, அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத கார்ல உட்கார வெச்சா எப்படி இருக்கும்? தாகம் எடுத்தா இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்கவும் முடியாது. அளந்துதான் குடிக்கணும். போன வருஷம் மே மாசம் சரியா அந்த நேரம் பார்த்து ஏசி நின்னு போச்சு.

சர்வீஸ் செண்டர்ல (பெயர் வேண்டாம்) கேஸ் அழுத்தம் பார்த்தாங்க, சரியா இருந்தது. கம்ப்ரஸர் ஓடலை. "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மாத்தணும்"னு எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. "இதுல வெளி டெம்பரேச்சர் மைனஸ் நாற்பதுன்னு காட்டுதேப்பா"ன்னு பெரியப்பா கேட்டிருக்கார். "அது வேற ப்ராப்ளம் சார், டிஸ்ப்ளே கம்ப்ளெயின்ட். அதை அப்புறம் பாத்துக்கலாம்"னு பதில்.

பெரியப்பா சும்மா இருப்பாரா? ஒருவேளை செட்டிங் ஃபாரன்ஹீட்டுக்கு மாறியிருக்குமோன்னு மெனுவுக்குள்ள போய் மாத்திப் பார்த்திருக்கார். அப்பவும் மைனஸ் நாற்பதுதான். எனக்கு ஃபோன் பண்ணி முதல்ல சொன்னதே இதைத்தான். "டேய், சி-யில போட்டாலும் மைனஸ் நாற்பது, எஃப்-ல போட்டாலும் மைனஸ் நாற்பது. ஒன்பதால பெருக்கி அஞ்சால வகுத்து முப்பத்திரண்டைக் கூட்டிப் பாரு, ரெண்டு கோடும் வெட்டிக்கிற ஒரே புள்ளி அதுதான். கணக்கு கரெக்டா இருக்கு, கார்தான் சரியில்லை." ஏசி போன வருத்தத்தை விட இந்தக் கண்டுபிடிப்பின் சந்தோஷம் குரல்ல தூக்கலா இருந்தது :-)

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வண்டியை வித்துடலாமான்னு பாக்கறேன்டா. அவளைக் கால் டாக்ஸியிலயே கூட்டிட்டுப் போயிக்கறேன்" அப்டின்னார்.

"ரெண்டு நாள் பொறுங்க பெரியப்பா, ஞாயித்துக்கிழமை வரேன்"னேன்.

இப்ப மேட்டருக்கு வருவோம். அந்த மைனஸ் நாற்பது எங்கேருந்து வருது?

பெரும்பாலான கார்களில் முன் பம்பருக்குப் பின்னாடி, ரேடியேட்டருக்கு முன்னாடி, காத்து படற இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் மொட்டு தொங்கிட்டிருக்கும். (சில கார்களில் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும்.) ரெண்டே ஒயர். உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஜாதி. உலோகங்கள் இதுக்கு நேரெதிர், சூடானா மின்தடை கூடும். சில்வர் சல்ஃபைடு மட்டும் தலைகீழா நடந்துக்குதேன்னு மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனிச்சு எழுதி வெச்சுட்டார். நம்ம கார் பம்பர்ல தொங்குறது அந்தத் தலைகீழ்க் குணம்தான்.

ஒரு சாதாரண தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும்னு வெச்சுக்குங்க. (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.) 0 டிகிரியில் அதுவே 30,000-க்கு மேல போயிடும். 50 டிகிரியில் நாலாயிரத்துக்குக் கிட்ட இறங்கிடும். மைனஸ் நாற்பதில் லட்சக்கணக்கில் நிக்கும். காரின் கண்ட்ரோல் யூனிட் தன்னோட 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா இந்த தெர்மிஸ்டருக்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு பார்க்கும். வோல்ட் அதிகமா இருந்தா குளிர், கம்மியா இருந்தா சூடு. அவ்வளவுதான் மொத்த சங்கதியும்.

ஆச்சா? இப்ப ஒயர் அறுந்து போச்சுன்னா என்ன ஆகும்? கரண்ட் போக வழியில்லை. முழு 5 வோல்ட்டும் அப்படியே நிக்கும். மின்தடை முடிவிலி. கண்ட்ரோல் யூனிட்டுக்கு அறுந்த ஒயர்னு தெரியுமா? அது பார்க்கிறது வோல்ட்டை மட்டும்தானே. "அடேங்கப்பா, பயங்கரக் குளிர்"னு தன்னால சொல்ல முடிஞ்ச கடைசி எண்ணைச் சொல்லும். அதுதான் மைனஸ் நாற்பது.

ஏன் குறிப்பா நாற்பது? கார்களில் இருக்கிற ஓபிடி போர்ட் வழியா வெப்பநிலை வரும்போது ஒரே ஒரு பைட்டில் வரும். 0 முதல் 255 வரைக்கும் ஒரு எண். அதிலிருந்து 40-ஐக் கழிச்சா டிகிரி. அதனால -40 முதல் 215 வரைக்கும் சொல்லலாம். அதாவது மைனஸ் நாற்பதுன்னா உள்ளே வெறும் பூஜ்யம். கையில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். "எனக்குத் தெரியலை"ன்னு சொல்ற வார்த்தை அந்த பாஷையில் கிடையாது, அதனால குளிருதுன்னு சொல்லுது. (சில கார்கள் டீசண்டா ரெண்டு கோடு போட்டுட்டுச் சும்மா இருந்துடும்.)

சரி, இதுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. கடுங்குளிர்ல கம்ப்ரஸரை ஓட்டக்கூடாது. குளிர்ந்து திரவமான கேஸ் கம்ப்ரஸருக்குள்ள வந்துடலாம், எண்ணெய் சரியாச் சுத்தாது, உள்ளே ஈவாப்பரேட்டர்ல ஐஸ் கட்டலாம். அதனால வெளி வெப்பநிலை 0-க்குக் கிட்ட இறங்கிட்டா, பல கார்கள் "இந்தக் குளிர்ல எதுக்குய்யா ஏசி"ன்னு கம்ப்ரஸருக்குக் கரண்டே குடுக்காது. சென்னை மே மாச வெயில்ல நிக்கிற கார், தான் சைபீரியாவில் நிக்கிறதா நினைச்சுக்கிட்டு, கம்ப்ரஸரைக் காப்பாத்திட்டிருந்தது. எல்லா காரும் இப்படி இல்லை. சில கார்கள் சென்சார் போச்சுன்னு புரிஞ்சா ஒரு உத்தேச எண்ணை வெச்சு ஓட்டிக்கும். பெரியப்பா காருக்கு அந்தச் சமர்த்து போதலை.

இதெல்லாம் என் ஊகம்தான். ஊகத்துக்கு ஆதாரம் வேணுமே. அதுக்காக ஞாயித்துக்கிழமை காலையில் ஆறரைக்கே போயிட்டேன். சீக்கிரம் போனதுக்குக் காரணம் உண்டு. ராத்திரி முழுக்க நிழல்ல நின்ன வண்டியில் எல்லாமே ஒரே சூட்டில் இருக்கும். இஞ்சின் கூலண்ட், இஞ்சினுக்குள்ள போற காத்து, வெளிக்காத்து, இந்த மூணுக்கும் தனித்தனி சென்சார். மூணு பேரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைச் சொல்லணும். ஸ்டார்ட் பண்ணாம, இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணி, ப்ளூடூத் டாங்கிளைச் சொருகி ஃபோன்ல பார்த்தேன். கூலண்ட் 30. உள்காத்து 31. வெளிக்காத்து -40. ரெண்டு சாட்சி ஒரு பக்கம், ஒருத்தர் மட்டும் தனியா.

கூடவே ஒரு ஃபால்ட் கோடும் இருந்தது. பி0073. வெளிக்காத்து சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் அதிகம்னு அர்த்தம். இந்த "அதிகம்"ங்கிற வார்த்தைதான் நிறையப் பேரைக் குழப்பும். எண் அதலபாதாளத்தில் இருக்கு, கோடு அதிகம்ங்குதேன்னு. அதிகமா இருக்கிறது வோல்ட், வெப்பம் இல்லை. மேலே சொன்னது மனசுல இருந்தா குழப்பம் வராது.

அடுத்து கம்ப்ரஸர். இந்தக் காரில் காந்த கிளட்ச் வெச்ச கம்ப்ரஸர். இஞ்சினை அணைச்சுட்டு, கிளட்சுக்குப் போற கனெக்டரைக் கழட்டி, நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, பாட்டரியிலிருந்து நேரா 12 வோல்ட் குடுத்தேன். "டொக்". எடுத்தேன். திரும்பக் குடுத்தேன். "டொக்". பெரியப்பா வாசப்படியில் காபி டம்ளரோட நின்னுட்டிருந்தார்.

"இந்தச் சத்தம் என்னடா?"

"நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் சத்தம் பெரியப்பா. கிளட்ச் உசிரோட இருக்கு. ஓடுன்னு சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்."

"அப்ப அந்த சென்சாரை மாத்திடு. எவ்ளோ ஆகும்?"

"மாத்தறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுடுவோம்."

இங்கேதான் பொறுமை வேணும். எண் தப்புன்னு தெரிஞ்சதும் சென்சாரை வாங்கி மாத்திடறது நிறைய இடத்துல நடக்குது. கம்ப்ரஸரை மாத்தச் சொன்னதுக்கும் இதுக்கும் தொகையில்தான் வித்தியாசம். பம்பருக்கு அடியில் படுத்து, கிளிப்பை நெம்பி சென்சாரை வெளியே எடுத்தேன். மல்டிமீட்டர்ல 7,700 ஓம். உள்ளங்கையில் மூடிப் பிடிச்சேன், மெதுவா இறங்கி 6,500-க்கு வந்தது. பெரியம்மா உள்ளேருந்து ஐஸ் போட்ட தண்ணி ஒரு டம்ளர் அனுப்பினாங்க. சென்சாரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அதில் முக்கினா 32,000-ஐத் தாண்டுச்சு. சூட்டுக்கு இறங்குது, குளிருக்கு ஏறுது. சென்சார் மேல குத்தமே இல்லை.

மிச்சம் இருக்கிறது ஒயர். கார் பக்கத்துக் கனெக்டரின் ரெண்டு பின்னுக்கும் நடுவில் இக்னிஷன் ஆன்ல 5 வோல்ட் வரணும். பூஜ்யம். ஒரு பின்னுக்கும் காரின் பாடிக்கும் நடுவில் வெச்சுப் பார்த்தேன். 5 வோல்ட் ஜம்முனு இருக்கு. அப்ப அனுப்புற ஒயர் நல்லாருக்கு, திரும்பி வர்ற ஒயர் எங்கேயோ அறுந்திருக்கு.

எங்கேன்னு தேட முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒயர்களை மூடியிருக்கிற கறுப்பு மடிப்புக் குழாய் வெளியிலிருந்து பார்க்க முழுசா இருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி, கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டுத் தடவினப்ப ஒரு ஓட்டை. பக்கத்தில் நாலஞ்சு புழுக்கை. பாதித் தேங்காய்ச் சில்லு ஒண்ணு. எலியார் அங்கே உட்கார்ந்து டிஃபன் முடிச்சுட்டுப் போயிருக்கார். எலிக்கு முன்பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கொறிச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்கு ஒயர்னா ஒயர், சோப்புன்னா சோப்பு. ஒரு ஒயர் முழுசாத் துண்டு. பக்கத்து ஒயர்ல மேல்தோல் மட்டும் போயிருந்தது.

சாவியை எடுத்துட்டு, தோலைச் சீவி, ஒரு சின்னத் துண்டு ஒயர் சேர்த்து ஈயம் பத்தவெச்சு, சுருங்குற குழாய் மாட்டி, மேலே டேப் சுத்தினேன். பொருள் செலவு அம்பது ரூபாய்கூட வராது. சாவியைப் போட்டோம்.

மைனஸ் நாற்பது.

பெரியப்பா முகம் சுருங்கிப் போச்சு. "சரியாகலையேடா..."

ஃபோனில் சென்சார் எண்ணைப் பார்த்தேன். 33. சென்சார் சொல்லிடுச்சு, டிஸ்ப்ளே இன்னும் ஒத்துக்கலை. இதுக்கும் காரணம் இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது இஞ்சின் சூடு பம்பர் பக்கம் அடிக்கும், சென்சார் 45, 50-ன்னு உளறும். அதை அப்படியே காட்டினா அசிங்கம்னு, பல கார்களில் எண் இறங்கறதை உடனே காட்டுவாங்க, ஏறுறதை மட்டும் நம்ப மாட்டாங்க. வண்டி கொஞ்ச நேரம் ஓடணும், புதுக்காத்து படணும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. இது தெரியாம, ரிப்பேர் சரியா செஞ்ச பிறகும் "இது வேற ஏதோ"ன்னு அடுத்த பாகத்தை மாத்தப் போறவங்க உண்டு.

"ஒரு ரவுண்டு போலாம் வாங்க"ன்னேன். பெரியம்மாவும் ஏறிக்கிட்டாங்க. பழவந்தாங்கல் சப்வே தாண்டி ஜிஎஸ்டி ரோடுக்கு வந்து தாம்பரம் பக்கம் திருப்பினோம். ஏசி பட்டன் ஆன்ல, காத்து சூடா அடிச்சிட்டிருக்கு. -40. மீனம்பாக்கம் தாண்டும்போது -22. பெரியப்பா சத்தமா படிச்சிட்டே வர்றார், ராக்கெட் விடற மாதிரி. மைனஸ் ஒன்பது. பூஜ்யம். நாலு. ஆறு. எட்டுன்னு அவர் சொல்லி முடிக்கலை, பானெட்டுக்கு உள்ளேருந்து "டொக்".

பெரியம்மா ஒண்ணும் பேசலை. முன்னாடி இருந்த காத்துத் துவாரத்துக்கு நேரா உள்ளங்கையை நீட்டி வெச்சுக்கிட்டாங்க. பல்லாவரம் வரைக்கும் கையை எடுக்கலை.

இதே வேலையை நீங்க செய்யணும்னா சில விஷயங்கள். முன் பம்பர் பக்கத்திலேயே ஏர்பேகுக்கான மோதல் சென்சாரும் இருக்கலாம். பெரும்பாலும் மஞ்சள் கனெக்டர் போட்டிருப்பாங்க. அதுல கையோ மீட்டரோ வைக்கவே கூடாது. வெளிக்காத்து சென்சார்தான்னு உறுதியாத் தெரிஞ்சா, கனெக்டரைக் கழட்டி ரெண்டு பின்னையும் ஒரு ஜெம் கிளிப்பால இணைச்சு ஃபோன்ல பாருங்க. மைனஸ் நாற்பது போய் நேரெதிர்க் கோடிக்கு, கொதிக்கிற எண்ணுக்குத் தாவினா ஒயரும் கண்ட்ரோல் யூனிட்டும் சரி, சென்சாரை மாத்தலாம். அசையலைன்னா ஒயரைத் தேடுங்க. சில கார்கள் ஓபிடியில் இந்த எண்ணைத் தராது, அப்ப மீட்டர்தான் கதி. கம்ப்ரஸர் பரிட்சை காந்த கிளட்ச் இருக்கிற கார்களுக்கு மட்டும், கிளட்ச் இல்லாத புது மாடல்களில் அந்த "டொக்" கிடையாது.

இன்னொண்ணு, வானிலை மையம் 36-ன்னு சொல்லும்போது கார் 40 காட்டினா அது ரிப்பேர் இல்லை. மீனம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் அளக்கிறது தரையிலிருந்து ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியா, வெள்ளையடிச்ச மரப்பெட்டிக்குள்ள, நிழல்ல. கார் அளக்கிறது கொதிக்கிற தாருக்கு முழங்கால் உயரத்தில். ரெண்டும் உண்மைதான்.

மைனஸ் நாற்பது ஒரு வகையில் நல்ல ரிப்பேர். தப்புன்னு பார்த்த உடனே தெரியும். எனக்கு பயம், நம்புற மாதிரி தப்புக் காட்டுற ரிப்பேர். அந்த எலி ஒயரை முழுசா அறுக்காம விட்டு, மழைத் தண்ணி பட்டு உள்ளே பச்சை பூத்து, ஒரு 2,000 ஓம் கூடுதலாச் சேர்ந்திருந்தா? 36 காட்ட வேண்டிய இடத்தில் 29, 30-ன்னு காட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் ஏசி "பரவாயில்லையே, இன்னிக்கு இதமா இருக்கு"ன்னு அளவாக் குளிர் குடுத்திருக்கும். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. கனெக்டருக்குள்ள ஈரம் போய் ரெண்டு பின்னுக்கும் நடுவில் கரண்ட் கசிஞ்சா கதை தலைகீழ், உண்மையை விட அதிகமாக் காட்டும். நம்ம ஊர்ல அதனால பெரிய நஷ்டம் இல்லை. பனி விழுற ஊர்ல ஓட்டுறவங்களுக்கு அதுதான் ஆபத்து. அங்கே வெளி வெப்பநிலை 3, 4 டிகிரிக்கு இறங்கினதும் கார் மணி அடிச்சு எச்சரிக்கும், ரோட்டில் ஐஸ் இருக்கலாம்னு. காத்து 3 டிகிரியில் இருக்கும்போதே பாலத்து மேல ரோடு உறைஞ்சு கிடக்கலாம். சென்சார் ஆறு ஏழுன்னு சொல்லிட்டிருந்தா மணி அடிக்காது.

அதனால எந்த ஊரா இருந்தாலும், ராத்திரி முழுக்க நிழல்ல நின்ன வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த மூணு எண்ணையும் ஒரு தடவை பார்த்துடுங்க. மூணும் ரெண்டு மூணு டிகிரிக்குள்ள ஒத்துப் போனா நிம்மதியாக் கிளம்பலாம். பெரியப்பா இப்ப மாசாமாசம் ஒண்ணாம் தேதி பார்த்து, பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வெச்சுக்கிறார். மூணு எண்ணுக்கும் சராசரி வேற போடுறார். அதுக்கு என்ன அவசியம்னு நான் கேக்கலை :-)